கை நுழையும் அளவுக்கு லூஸ்

தொப்பென்று முன்னறையில் ஏதோ விழுந்தது.

உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஏசுபாதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரக்கட்டை விழுந்தால் அந்தச் சத்தம் வராது. இரும்பு விழுந்திருந்தால் மொசைக் தரை அலறியிருக்கும். இது கனமாக, ஊமையாக விழுந்து, ஒரு தரம் லேசாக எம்பி அடங்கிய சத்தம். ரப்பர்! அதுவும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ரப்பர்.

"பாதம் முழிச்சினுகீறானா தங்கச்சி?"

அத்தாவுல்லா பாயின் குரல். அவர் ஒருவர்தான் அவனைப் 'பாதம்' என்று கூப்பிடுவார்.

"இப்பதாண்ணா கசாயம் குடிச்சிட்டுக் கண்ணை மூடினார்." இது அவன் மனைவி ஹில்டா. "என்னண்ணா இது, கரேல்னு?"

"டிராக்கும்மா. மிஷின்லேந்து பிச்சினு வந்துச்சு."

முன்னறையில் மின்விசிறி கறக் கறக் என்று சுற்றியது. ஏசுபாதம் கண்களை இறுக மூடிக்கொண்டான். எந்த நாள் வரக்கூடாது என்று படுக்கையில் கிடந்தபடி வேண்டிக்கொண்டிருந்தானோ, அந்த நாள் வாசல் ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பாய் இதே வீட்டில் நின்றுகொண்டு சொல்லியிருந்தார். "பாதம், மறைக்காம சொல்றேன். ஒரு காண்ட்ராக்டர் நம்ம மிஷினைக் கேட்டுனேகீறான். டிராக் நல்லா கீற வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன். அது அறுந்துச்சுன்னா வேற டிராக் கப்பல்லதான் வரணும். அதுவரைக்கும் வாசல்ல நிறுத்திகினு வேடிக்கை பாக்க என்னால ஆவாது. கீற நெலமையிலேயே தள்ளி வுட்ருவேன்."

பாயின் மண் தோண்டும் மிஷினை ஓட்டுகிறவன் ஏசுபாதம். அது போனால் அவனுக்கு இன்னொரு மிஷின் கிடைக்காமல் போகாது. ஆனால் அது எந்த ஊரில் கிடைக்கும்? அதுதான் கேள்வி.

இளவயதில் பம்மல் கல்குவாரியில் பெரிய பொக்லைன் ஓட்டப் பழகியவன் அவன். இரும்புச் சங்கிலி பூட்டிய மிஷின். பாறை மேல் அது ஏறும்போது பற்களெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். குவாரி வேலை குறைந்த பிறகு சாலை போடும் கம்பெனிகளோடு ஆந்திரா, கர்நாடகா என்று மாதக்கணக்கில் அலைந்தான். ஹில்டா ஊரப்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். மகள் ஜெரூஷா பிறந்தது அவனுக்குத் தகவலாகத்தான் தெரிந்தது. ஒருமுறை நீண்ட நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது, அந்தக் குழந்தை அவனைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், "அம்மா, யாரோ அங்கிள் வந்திருக்காங்க" என்றது. அன்று ஏசுபாதம் கொல்லைப்புறக் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

அப்படிப்பட்டவனை வீட்டோடு சேர்த்து வைத்தது அந்தக் குட்டி மிஷின்தான்.

மேற்குத் தாம்பரத்தில் மணல், ஜல்லி வியாபாரம் செய்துவந்த அத்தாவுல்லா பாய், ஜப்பானில் உழைத்துச் சலித்துக் கப்பலேறி வந்த அந்தப் பழைய மிஷினைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து இறக்கினார். பெரிய பொக்லைனைப் பார்த்த கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. இரும்புச் சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டை. அந்தப் பட்டைதான் டிராக். "இன்னா பாய், மிஷின் குட்டி போட்டுச்சா?" என்று கடைத்தெருவே சிரித்தது. பாய் கவலைப்படவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் மனைகள் வீடுகளாகிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு தண்ணீர் சேர்க்க சம்ப் தோண்ட வேண்டும், கழிவுநீர்த் தொட்டி தோண்ட வேண்டும். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே பெரிய மிஷின் மூக்கைக்கூட நுழைக்க முடியாது. குட்டி மிஷின் சந்தில் பூனை மாதிரி போய்விடும். பதித்த டைல்ஸ் மேல் ஏறினாலும் ஒரு கீறல் விழாது.

"நீ ஓட்டு பாதம். சாயங்காலமானா வூட்டுக்குப் போயிடலாம்" என்றார் பாய். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே ஏசுபாதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த ரப்பர் பட்டைகளை அவன் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். புது இடத்துக்குப் போனால் முதலில் மிஷினை இறக்கமாட்டான். தான் இறங்கி நடப்பான். ஆணி, உடைந்த பாட்டில், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி ஓரம் போட்டுவிட்டுத்தான் வேலை. வாசல் படி குறுக்கே வந்தால் பலகை போட்டு ஏற்றுவான். நின்ற இடத்திலேயே மிஷினைச் சுழற்றித் திருப்பவே மாட்டான். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று அகலமாக வளைத்துத் திருப்புவான். சாயங்காலம் பட்டையில் ஒட்டிய களிமண்ணைக் குச்சியால் நோண்டித் தண்ணீர் அடித்துக் கழுவுவான். வெயில் ரப்பரைத் தின்றுவிடும் என்று, யாரோ கல்யாணத்துக்கு வைத்த பழைய பிளெக்ஸ் பேனரை மேலே போர்த்திவிடுவான்.

"இன்னா நைனா, கொழந்தைக்குக் கால் கழுவி வுட்டு, போர்வை போத்துறியா?" என்று கொத்தனார்கள் கிண்டலடிப்பார்கள்.

"உன் செருப்பு பிஞ்சா தெருமுனையில தைக்கலாம். இது பிஞ்சா ஜப்பான்தான் போகணும்" என்பான் ஏசுபாதம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவன் பார்ப்பது பட்டையின் தொய்வு. மிஷினை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தினால், பட்டை சற்றே தொங்க வேண்டும். நடுவில் கை தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம், கல் ஏறினால் கிழிந்துவிடும். இரண்டு கை நுழைந்தால் தொளதொளப்பு, திருப்பத்தில் கழன்று விழுந்துவிடும். "ஒரு கை லூஸ்" என்பது அவன் கணக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வருஷம் ஊரையே முடக்கிப் போட்ட சிக்குன்குனியா அவனையும் பிடித்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்தால் உயிர் போனது. விரல்களை மடக்க முடியவில்லை. லீவரைப் பிடித்த கை ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. ஹில்டாதான் ஊட்டிவிட்டாள். அவள் கண்ணீர் சாதத்தில் விழுந்ததோ என்னவோ, அந்த நாட்களில் அவன் சாப்பிட்டதெல்லாம் உப்புக் கரித்தது.

மிஷினை ஓட்ட, பாய் தன் மனைவியின் தம்பி முதாசிரை அனுப்பினார். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன். மறைமலை நகரில் டயர் போட்ட மிஷின் ஓட்டியவன். நல்லவன், சொன்னதைக் கேட்பவன். ரம்ஜான் மாதம் தொடங்கியிருந்தது. சாயங்காலமானால் பாய் வீட்டு நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவன்தான் வருவான். நோன்பு திறக்க நேரமாகிவிடும் என்று உள்ளே வராமல் வாசலோடு திரும்பிவிடுவான். அதனால் ஏசுபாதம் கட்டிலிலிருந்து சொல்லும் யோசனையெல்லாம் ஹில்டா மூலம்தான் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாத் தொழுகை முடிந்து நேரே வந்திருக்கிறார் பாய். கையில் பிய்ந்த ரப்பரோடு.

"ஹில்டா!" என்று கூப்பிட வாய் திறந்தான். வேண்டாம், நானே போகிறேன் என்று எழுந்தான். குதிகாலில் ஆயிரம் ஊசி. சுவரைப் பிடித்து, பீரோவைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, அந்தச் சின்ன வீட்டைக் கடல் தாண்டுவது போலத் தாண்டி முன்னறைக்கு வந்து நின்றான்.

"ஐயோ, என்னங்க! எதுக்கு எழுந்தீங்க?" ஹில்டா ஓடிவந்து தாங்கினாள்.

பாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. மழையில் நனைந்த சட்டை. "உக்காரு பாதம். மொதல்ல உக்காரு. இன்னாத்துக்கு இப்படி நடந்துகினு வர்ற?"

தரையில் கிடந்தது அந்தக் கறுப்புத் துண்டு. உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கூராகக் கிழிந்திருந்தது. ஹில்டா அதை எடுத்துக் கணவன் மடியில் வைத்தாள். இறந்த குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் வைத்தாள்.

"காட்டாங்குளத்தூர்ல வேலை. பழைய வூட்டை இடிச்சிட்டு ஹாஸ்டல் கட்றாங்கோ" என்றார் பாய். "கான்கிரீட் துண்டு மேல ஏத்திக்கிறான். பட்டுனு தெறிச்சுதாம். எட்மண்ட்னு அந்தக் காண்ட்ராக்டர், பேர் சொல்லலியே நானு, அவன் சாயங்காலம் வரேன்னுகீறான். மன்னிச்சுக்க பாதம். உங்கிட்ட மூஞ்சியைக் காட்டிட்டு அப்புறம் குடுக்கலாம்னுதான் வந்தேன்."

எப்போதும் வியாபாரக் குரலில் பேசுகிற மனிதர், கடைசி வார்த்தையில் தடுமாறினார். ஹில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

ஏசுபாதம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மடங்காத விரலால் கிழிந்த இடத்தைத் தடவினான். ஒரு முறை. மறுபடியும்.

"பாய், இதுல கம்பி இல்ல."

"இன்னா கம்பி?"

"பட்டைக்குள்ள மெல்லிசா எஃகுக் கம்பி ஓடும். அதுதான் பட்டைக்கு நரம்பு. இது வெளிப்பக்கத்துப் பல்லு மட்டும்தான். நரம்பு அறுந்திருந்தா இதோட சேர்ந்து பிஞ்சு வந்திருக்கும். முதாசிர் அங்கதானே இருக்கான்? போன் போடுங்க, ஸ்பீக்கர்ல."

பாய் அவசரமாகப் போனைத் தட்டினார்.

"மச்சான்!" என்று அழுகிற குரலில் வந்தான் முதாசிர்.

"நான் ஏசுபாதம் பேசுறேன்."

"அண்ணா! சத்தியமா நான் வேணும்னு பண்ல அண்ணா..."

"அதை வுடு. பிஞ்ச எடத்துல கம்பி தெரியுதா, பாரு."

"எங்க பாத்தாலும் கம்பிதான் கீதுண்ணா. இடிச்ச வூடு இது."

"தரையில இல்லடா! பட்டையில. நூல் மாதிரி, பளபளன்னு."

"சேறா கீது. ஒண்ணும் தெரில."

"தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் பாரு."

போனில் வாளி உரசும் சத்தம். தண்ணீர் கொட்டும் சத்தம். பாய் போனையே வெறித்துப் பார்த்தார். சமையலறை வாசலில் காபித் தம்ளரோடு ஹில்டா சிலையாக நின்றாள்.

"இல்லண்ணா! கம்பி இல்ல. சுத்தமா ரப்பர்தான். பல்லு வுழுந்த ஈறு மாதிரி கீது."

நரம்பு தப்பியது என்று ஏசுபாதத்துக்கு உறுதியானது. ஆனாலும் பட்டை ஏன் தெறித்தது? இத்தனை காலம் எத்தனை கான்கிரீட் மேல் ஏறியிருக்கிறது!

"முதாசிர், மிஷினோட மண்ணு அள்ற பக்கெட்டைத் தரையில ஊணி அந்தப் பக்கத்தைத் தூக்கு. கீழ கனமா கட்டை வை. என்ஜினை ஆஃப் பண்ணி சாவியைப் பாக்கெட்ல போட்டுக்க. அப்புறம் பட்டை நடுவுல கையை வுட்டுப் பாரு."

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. "எங்கண்ணா கையை வுடறது? வெரலே போவல. தட்னா தவுல் மாதிரி சத்தம் வருது. சும்மா கிண்ணுனு கீது. நல்லதுதானே? டயர்ல காத்து கம்மியா இருந்தாத்தானே டேஞ்சரு?"

"யார்றா இவ்ளோ டைட் பண்ணது?"

"நான் எதையும் தொடலண்ணா! டெய்லி காலையில கிரீஸ் மட்டும்தான் அடிச்சேன். பட்டை பக்கத்துல ஒரு ஓட்டைக்குள்ள ஒரு நிப்பிள் கீதே, அதுக்கும் சேத்து. ஹில்டாக்காதான் சொன்னாங்கோ, எல்லா நிப்பிளுக்கும் அடிக்கணும், ஒண்ணுகூட வுடக்கூடாதுன்னு."

ஹில்டாவின் கையிலிருந்த தம்ளர் தளும்பியது.

நடந்தது இதுதான். மிஷினின் கை மடங்கும் மூட்டுகளில், நிப்பிள் என்கிற சின்ன மூக்குகள் வழியாகத் தினம் கிரீஸ் அடிக்க வேண்டும். அதைத்தான் ஏசுபாதம் சொல்லி அனுப்பினான். பட்டை ஓரத்தில், ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும் நிப்பிள் வேறு. அதில் கிரீஸ் அடித்தால் உள்ளேயிருக்கும் தண்டு தள்ளி, பட்டை இறுகும். தொய்வு அதிகமானால் மட்டும், அளவு பார்த்து அடிக்க வேண்டியது. கட்டிலில் கிடந்தவன் 'கிரீஸ் அடிக்கச் சொல்லு' என்றான். வாசலில் நின்ற டீச்சர், எதையும் அரைகுறையாகச் சொல்லிப் பழகாதவள், 'எல்லாத்துக்கும், ஒண்ணு விடாம' என்று தானாகச் சேர்த்தாள். கேட்டவன் ஒன்று விடாமல் செய்தான். தினம் தினம் பாசத்தோடு அடித்த கிரீஸ், பட்டையை வில்லின் நாண் மாதிரி இழுத்து வைத்திருந்தது. வளைந்து கொடுக்க இடமில்லாத ரப்பர், கல் கூர்மை பட்டதும் பல்லைக் கொடுத்துவிட்டது.

"நான்தாங்க... ஐயோ, நான்தான் உங்க பொழப்பையே..." ஹில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இரு ஹில்டா, அழறதுக்கு இப்ப நேரமில்ல" என்றான் ஏசுபாதம். அவன் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "முதாசிர்! அந்த நிப்பிள் ஒரு வால்வு மேல உக்காந்திருக்கும். ஸ்பேனரை வால்வுல போடு. நேரா நிக்காத, பக்கமா நில்லு. கிரீஸ் பீச்சி அடிக்கும், கண்ணு போயிடும். மூஞ்சியைக் கிட்ட கொண்டுபோகாத. மெதுவா, துளித்துளியா திருப்பு."

"லூஸ் பண்ணவா?"

"லூஸ் பண்ணு. லூசு மாதிரி முழுசா கழட்டிடாத!"

பாயின் வாயிலிருந்து ஒரு சிரிப்பு தப்பித்து வெளியே வந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

போனில் ஸ்பேனர் உரசியது. முதாசிர் முனகினான். பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"வருதுண்ணா! கிரீஸ் புழு மாதிரி நெளிஞ்சினு வருது! பட்டை எறங்குது... தொங்குதுண்ணா!"

"போதும், இறுக்கு. இப்ப கையை வுடு."

மூன்று பேரும் அந்தச் சின்னப் போனின் மேல் குனிந்தார்கள். வெளியே மழை சட்டென்று வலுத்தது.

"போவுது! அண்ணா, கை போவுது! தட்டையா, நீ சொன்ன மாதிரியே!"

ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டான். 'கர்த்தாவே' என்று அவன் உதடு அசைந்ததும், 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பாய் வாய்விட்டுச் சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தன.

"அந்தப் பக்கத்துப் பட்டையையும் இதே மாதிரி பண்ணு. கல்லைப் பொறுக்கிட்டு ஓட்டு. நின்ன எடத்துல திருப்பாத. அந்த ஓட்டைக்கு இனிமே கிரீஸ் காட்டவே காட்டாத."

"பல்லு போன டிராக்கு ஓடுமா பாதம்?" என்று கேட்டார் பாய், இன்னும் நம்பாதவராக.

"ஒரு பல்லு போனா நாம சாப்பிடறதில்லையா? நரம்பு நல்லா இருக்கு. இன்னும் ரொம்ப நாள் ஓடும். கிழிஞ்ச ஓரத்தை மட்டும் அப்பப்ப பாத்துக்கணும்."

பாய் போனில் இன்னொரு எண்ணைத் தேடி அழுத்தினார். "எட்மண்ட் சார்? அத்தாவுல்லா. சாயங்காலம் வராதீங்கோ சார். மிஷின் குடுக்கறதா இல்ல... இல்ல சார், டிராக்கெல்லாம் நல்லா கீது... அதுக்கு ஆள் கீது சார், என் எதுர்லதான் உக்காந்துகினுகீறான்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டவர், தொப்பியைக் கழற்றி முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்தது மழைத் தண்ணீரை மட்டும்தானா, யாருக்குத் தெரியும்!

ஹில்டா எழுந்து, கண்ணைத் துடைத்தபடி காபியை அவரிடம் நீட்டினாள். "சூடு ஆறிப்போச்சு, குடிங்கண்ணா."

"நோன்பும்மா" என்றார் பாய்.

ஹில்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மறந்தே போச்சு! இன்னிக்கு நான் செய்யறது எல்லாமே தப்பு."

"அப்படிச் சொல்லாத தங்கச்சி. உன் பேச்சை ஒருத்தன் ஒண்ணு வுடாம கேட்டுக்கிறான் பாரு. என் வூட்டுல நான் சொன்னா யாரும் பாதிகூட கேக்கறதில்ல." அவர் சிரித்ததும், அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நின்றபாடில்லை. அழுகையும் அதற்குள் கரைந்து போனது.

அந்தத் தம்ளரை ஏசுபாதம் கை நீட்டி வாங்கினான். விரல்கள் முழுதாக மடங்கவில்லைதான். ஆனால் தம்ளரைச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு மடங்கின. ஹில்டா ஊட்டுவதற்குக் குனிந்தவள், அப்படியே நின்று பார்த்தாள். ஆறிப்போன காபியை அவன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்து முடித்தான். உப்புக் கரிக்கவில்லை.

"ஈத் முடிஞ்சதும் வந்து ஏறிக்கோ பாதம். அதுவரைக்கும் முதாசிர் ஓட்டட்டும். ஆனா இன்னிலேந்து கஞ்சி கொண்டாந்தான்னா வாசல்ல நிக்க வுடாத. உள்ள இழுத்துகினு வந்து நீயே உன் வாயால சொல்லு." பாய் செருப்பை மாட்டினார். "அந்தத் துண்டு இங்கயே கெடக்கட்டும். தங்கச்சி கிரீஸ்னு சொல்லும்போதெல்லாம் எடுத்துக் காட்டு."

"போங்கண்ணா!" என்றாள் ஹில்டா.

மழை சற்றே விட்டிருந்தது. பாய் வாசல் தாண்டி வெளியே போனார். ஹில்டா கதவைச் சாத்தப் போனாள். ஈரத்தில் ஊறிப்போன கதவு பாதியிலேயே நிலையில் சிக்கிக்கொண்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள், அசையவில்லை.

"ரொம்ப டைட்டா கீதா? ஆசாரியை அனுப்பறேன், கொஞ்சம் இழைச்சு வுடட்டும்" என்றது வெளியிலிருந்து பாயின் குரல். "இப்ப நான் இழுக்கறேன், நீ தள்ளு."

அவர் வெளியிலிருந்து இழுத்தார். அவள் உள்ளிருந்து தள்ளினாள். கதவு முனகிக்கொண்டே வந்து, நிலையோடு பொருந்திச் சாத்திக்கொண்டது.